நாலாங் கண்ணின் மேல்பலகை

என் சம்பந்திக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதில் மிதப்பது. மற்றதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தப் பக்கம் காற்று அடித்தால் எந்த மூலையில் சருகு ஒதுங்கும், மேலே எவ்வளவு மழை பெய்தால் கீழே எத்தனை படி முழுகும், கேட்டால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. ஆயுசில் பாதியை அணைக்கட்டின் மேல் கழித்த மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? முதலில் நானும் நம்பவில்லை.

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கும் அந்த அணைக்கட்டு பழக்கம். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலைக்கு மலை பாலம் போட்டதுபோல் நிற்கிற அணை இல்லை. ஆற்றின் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர், அவ்வளவுதான். ஒரு காலத்தில் மாவு ஆலை ஓட்டக் கட்டினார்களாம். ஆலை நின்று எத்தனையோ தலைமுறை ஆயிற்று. அந்தக் கட்டடத்தில்தான் இப்போது குளிக்க வருகிறவர்கள் துணி மாற்றிக்கொள்கிறார்கள். சுவரைக் கட்டிய வருஷத்தை ஒரு கல்லில் செதுக்கியிருக்கிறது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் தேய்ந்து, பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். எவ்வளவு பழசு என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சுவரில் ஐந்து இடத்தில் திறப்பு விட்டிருக்கிறார்கள். அதைக் கண் என்பார்கள். ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு பக்கக் கல்லிலும் மேலிருந்து கீழாகக் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிக்குள் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் தண்ணீர் தேங்கி, பின்னால் ஒரு சின்ன ஏரியே உண்டாகிவிடும். மழைக்காலத்தில் பலகைகளைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் சுவரையே முட்டித் தள்ளும். வெயில் வந்ததும் திரும்ப இறக்க வேண்டும். அப்போதுதான் ஜனங்கள் நீந்தலாம், படகு மிதிக்கலாம். அதைவிட முக்கியம், பக்கத்தில் பிரிகிற வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறும். கீழே இருக்கிற காய்கறித் தோட்டமெல்லாம் அந்த வாய்க்காலை நம்பித்தான் இருக்கின்றன. படித்துறைப் படியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வாய்க்கால் ஓடும். ஒரு சாண் இறங்கினாலும் வாய்க்கால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

இந்தப் பலகைகளை இறக்குவதும் ஏற்றுவதும்தான் சம்பந்தியின் வேலை. அதனால் ஊரில் அவருக்குப் பலகை மாமா என்று பேர். நீளக் கம்பியின் முனையில் ஒரு கொக்கி. அதைப் பலகையின் வளையத்தில் மாட்டி, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல இறக்குவார். இறக்கினால் மட்டும் போதுமா? பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் கசியுமே. அதற்கு அவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். மர அறுவைப் பட்டறையிலிருந்து மரத்தூளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, கண்ணுக்கு முன்னால் தண்ணீரில் தூவுவார். தண்ணீர் எந்தச் சந்தில் ஓடுகிறதோ அந்தச் சந்துக்குத் தூளையும் இழுத்துக்கொண்டு போகும். தூள் அங்கே போய் ஊறி, உப்பி, அடைத்துக்கொள்ளும். ஓட்டை போட்டவனையே கூப்பிட்டு ஓட்டையை அடைக்கச் சொல்வது மாதிரி. அதை முதல்முதலாகப் பார்த்த அன்று, இவர் பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் பட்டறை மூடிக் கிடந்தபோது, டீக்கடையில் வடிகட்டிப் போட்ட தேயிலைச் சக்கையைத் தூவிவிட்டார். கசிவு நின்றது. ஆனால் வாய்க்காலில் இரண்டு நாளைக்குத் தண்ணீர் டீ நிறத்தில் ஓடி, தோட்டக்காரர்கள் மண்வெட்டியோடு மேலே ஏறி வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் டம்ளரோடு வந்து, பால் எங்கே என்று கேட்டாராம். அந்தக் கதையைச் சொல்லிக் கேலி செய்யாத ஆள் ஊரில் இல்லை. சம்பந்தியும் கூடவே சிரிப்பார்.

அவர் சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு. அது இடுப்புக் கயிறு. சுவர்மேல் ஏறும்போதெல்லாம் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கல்லில் பதித்த இரும்பு வளையத்தில் முடிந்துகொள்வார். கேட்டால், இந்த வேலையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள் என்பார். எங்களுக்கும் அது பழைய வழக்கமாகத்தான் பட்டது. கயிற்றின் சங்கதி அவர் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாள்தான் படித்துறையில் மிதிபடகு வாடகைக்கு விடுகிறவள். நன்றாகக் குரல் கொடுப்பாள். ஏரியின் அக்கரையில் நிற்கிற படகைக்கூட இருந்த இடத்திலிருந்தே அதட்டித் திருப்பிவிடுவாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் வாயைத் திறந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அணைக்கட்டை நடத்துகிற ஆபீசிலிருந்து புதுச் சட்டம் வந்தது. வேறு எங்கேயோ ஓர் அணைக்கட்டில் வேலையாள் ஒருவர் தவறி விழுந்துவிட்டாராம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இனிமேல் தண்ணீரின் மேல் நின்று வேலை செய்கிற யாராக இருந்தாலும் நீந்திக் காட்ட வேண்டும். படியிலிருந்து மிதக்கும் பீப்பாய் வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு மல்லாக்க மிதக்க வேண்டும். முடியாதவர்களுக்கு வேலை போகாது, ஆனால் வாசலில் டிக்கெட் கொடுக்கிற கூண்டில் உட்கார வேண்டும். நியாயமான சட்டம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

சம்பந்தி அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. என் மகளும் மருமகனும் நானும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவரே சொன்னார்.

"எனக்கு நீச்சல் வராது."

என் மருமகன் அப்பாவை இன்றைக்குத்தான் பார்க்கிறவன்போலப் பார்த்தான். சம்பந்தி கையால் கூண்டின் அகலத்தைக் காட்டினார். "இத்தனை இடம்தாம்மா. அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு, வேற எவனோ என் பலகையத் தூக்குறதைப் பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாது."

உடனே என் மகள் எழுந்து கை கழுவினாள். அவள்தான் அந்த ஏரியில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். "நாளைக்குக் காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வந்துடுங்க மாமா" என்றாள். மாமனாருக்கு மருமகள் வாத்தியார். நான் இதைப் பார்க்காமல் விடுவேனா? முட்டிவலிக்குத் தண்ணீரில் கால் நனைப்பது நல்லது என்று சொல்லி நானும் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாவம், இரண்டு பேருக்கும் தர்மசங்கடம். பிள்ளைகளிடம் அவள் "காலை உதைடா, தூங்குறியா" என்று போடுகிற சத்தத்தில் கொக்கு பறந்துவிடும். இவரிடம் "கொஞ்சம் உதைங்க மாமா, முடிஞ்சா போதும்" என்று கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி குழைந்தாள். அவரும் மருமகள் எதிரில் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று முழுக்கைச் சட்டையோடு இறங்கினார். சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகில் பூசணிக்காய் மாதிரி எழும்பி நின்றது. என் சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை.

நாள் போகப் போக இருவருக்கும் கூச்சம் விட்டது. சட்டை போயிற்று. அவளுடைய குரலும் ஏறிற்று. காலடியில் தரை இருக்கிறது என்று தெரிந்தால் அவர் ஓரளவு கையைக் காலை வீசிப் போவார். தரை எட்டாது என்று தெரிந்த மறுநிமிஷம் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்று, அப்படியே கீழே போவார். மிதப்பது மட்டும் கூடவே கூடாது என்றுவிட்டார்.

"படுங்க மாமா. தண்ணி தாங்கும்."

"படுக்கிறதுக்கு வீட்டுல கட்டில் இருக்கும்மா."

"தண்ணிய நம்புங்க."

"அதை எனக்குத் தெரியும். நம்புற ஆள் இல்ல அது."

சோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பீப்பாய்க்குப் போகிற வழியில், நடுவில் ஓர் இடம் அவர் மூக்கு வரைக்கும் ஆழம். அங்கே போனதும் தவறாமல் முழுகினார். என் மகள் சலிக்காமல் தூக்கி விட்டாள். படகுக்கார அம்மாள் கரையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாள் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப் போகிறாள் என்று அர்த்தம். எனக்கு அது அப்போது தோன்றாமல் போயிற்று.

அந்த நாளும் வந்தது. ஆபீசிலிருந்து வந்தவள் சின்னப் பெண், கழுத்தில் விசில், கையில் மிதவை வளையம். மரியாதையான பெண். எனக்கு முதலில் வணக்கம் சொன்னவள் அவள்தான். ஊரில் பாதிப் பேர் படியில் வறுத்த கடலையோடு உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி வந்தபோது அவர் கண் அவருடைய கால் விரலை விட்டு நகரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்காரியிடம் கொடுத்தார். இடுப்புக் கயிற்றையும் கொடுத்தார். எந்த நாளும் வந்ததும் தண்ணீரை ஒரு பார்வை பார்க்கிற மனிதர், அன்றைக்குப் பயத்தில் அதைப் பார்க்கவே இல்லை.

பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே படி ஈரமாக, பாசியோடு பளபளத்தது. தண்ணீர் இறங்கியிருந்தது. என் மகள் படியைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு வெயில் அதிகம்தான் என்றாள்.

விசில் ஊதியது. சம்பந்தி இறங்கிக் கையை வீச ஆரம்பித்தார். போனார், போனார். மூக்கு முழுகும் இடம் வந்தது. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அவர் கால் வழக்கம்போலக் கீழே துழாவியது. வழக்கம்போல முழுகவில்லை. நின்றுவிட்டார். தண்ணீர் தாடையோடு நின்றது.

கரையில் கை தட்டினார்கள். அவர் காதில் அது விழவில்லை. கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். அப்போதுதான் எங்களுக்கும் கேட்டது. சுவர்ப் பக்கம் தண்ணீர் சலசலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"நாலாங் கண்ணு" என்றார். "மேல்பலகை இல்ல."

அவ்வளவுதான். பீப்பாயும் இல்லை, சோதனையும் இல்லை. வேறு ஆளாக இருந்தால் கரைக்கு வந்து, படியேறி, சுற்றிக்கொண்டு சுவருக்குப் போவான். இவர் நேரே சுவரைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். சுவரை ஒட்டித்தானே ஏரியின் ஆழமெல்லாம், ஒரு பலகை என்ன, இரண்டு பலகை எடுத்தாலும் அங்கே ஆள் முழுகிவிடும். தலையை நெட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு, காலால் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்து, வாயில் தண்ணீர் போகப் போகத் துப்பிக்கொண்டு, துப்பிய இடைவெளியில் திட்டிக்கொண்டே போனார். எந்தப் படுபாவி, வாய்க்கால் காய்ந்திருக்குமே, கத்தரிக்காய் நாற்று விட்டிருக்கிறார்களே, இப்படி. அந்த நீச்சலுக்குப் பேர் ஏதும் கிடையாது. ஆனால் முழுகவில்லை. அவருக்கு முழுக நேரமில்லை.

படித்துறையில் கடலை மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. விசில் பெண் அவரைக் கூப்பிடவில்லை. மிதவை வளையத்தைத் தூக்கிக்கொண்டு சுவர்மேல் அவருக்கு இணையாக நடந்தாள். என் மகள் அலையே எழும்பாமல் தண்ணீரில் இறங்கி அவருக்குப் பின்னால் போனாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால், எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிடுமே.

சுவரில் இருக்கிற இரும்புப் படியைப் பிடித்து ஏறினார். நாலாங் கண்ணின் மேல்பலகை பத்திரமாக ஓரத்தில் படுத்திருந்தது, மேலே ஒரு சாக்குகூடப் போர்த்தியிருந்தது. கொக்கிக் கம்பி ஆணியில் தொங்கிற்று, கொக்கி இடது பக்கம் திரும்பி. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் இடது கைக்காரி ஒருத்திதான். கரைப் பக்கம் திரும்பினார்.

"யாரு எடுத்தா?" என்று கேட்டதே வீண். அந்த அம்மாள் எழுந்து நின்றாள்.

"நான்தாங்க. விடியுமுன்ன வந்து எடுத்தேன்."

"எதுக்கு?"

"உங்களுக்குத் தரை எட்டணும்னுதான்."

அவர் கொக்கிக் கம்பியை ஆணியிலிருந்து எடுத்தார். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எனக்கு எட்டிச்சு. வாய்க்காலுக்கு எட்டலையே."

பிறகு பலகையைத் தூக்கிக் காடியில் பொருத்தினார். தண்ணீர் கொட்டுகிறபோது பலகை இறக்குவது லேசில்லை. தண்ணீர் அதைப் பிடுங்கப் பார்க்கும். கம்பியால் அழுத்தி, மேலே ஏறி நின்று மிதித்து உட்கார வைத்தார். தூள் மூட்டையைப் பிரித்துத் தூவினார். கொட்டல் சொட்டலாயிற்று, சொட்டலும் நின்றது. வேலை முடிந்ததும் வழக்கம்போலக் கயிற்றை அவிழ்க்க இடுப்பில் கை வைத்தார். கயிறு இல்லை. குனிந்து இடுப்பைப் பார்த்தார். திரும்பி ஏரியைப் பார்த்தார். படித்துறை அந்தப் பக்கம் இருந்தது, அவர் இந்தப் பக்கம் இருந்தார்.

"நான் எப்படிம்மா இங்க வந்தேன்?" என்று என் மகளைக் கேட்டார். அவள் இரும்புப் படியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவளே முழுகப் பார்த்தாள்.

விசில் பெண் பக்கத்தில் வந்து, பீப்பாயைவிட இரண்டு பங்கு தூரம் வந்துவிட்டீர்கள், அது போதும், இனி மிதந்து மட்டும் காட்டுங்கள் என்றாள். யாராக இருந்தாலும் தப்பித்தோம் என்று சரி சொல்லியிருப்பார்கள். எங்கள் சம்பந்தியா சொல்வார்? தண்ணீர் குறைந்த ஏரியில் நீந்தியது செல்லாது என்றார். கோட்டைத் தொடட்டும், முதலிலிருந்து போகிறேன் என்றார். சாயங்காலம் ஆகுமே என்றாள் அவள். ஆகட்டும் என்றார். எனக்குப் பிடிவாதக்காரர்களைக் கண்டால் ஒரு மரியாதை உண்டு. கூடை நிறையப் பன்னும் வாழைப்பழமும் வாங்கிவரச் சொன்னேன்.

அன்றைக்கு மாதிரி ஒரு நாள் அந்தப் படியில் திரும்ப வரவில்லை. ஊரே உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதைப் பார்த்தது. ஈரப் படி கொஞ்சம் கொஞ்சமாக முழுகிற்று. தண்ணீர் நடுவில் கிடக்க, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சில்லை. அவர் சுவர்மேல், அவள் படகுப் பக்கம். அவள் மருமகளிடம் ஒரு டம்ளர் டீ கொடுத்தனுப்பினாள். காலி டம்ளர் திரும்பி வந்தது, கூடவே சர்க்கரை குறைச்சல் என்று ஒரு சேதி. இரண்டாம் டம்ளரை அவளே எடுத்துக்கொண்டு சுவர்மேல் நடந்து போனாள். அங்கே என்ன பேசினார்களோ, எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டதை மட்டும் பார்த்தோம்.

வெயில் சாயும்போது தண்ணீர் கோட்டைத் தொட்டது. வாய்க்கால் சத்தம் போட ஆரம்பித்தது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். மூக்கு முழுகும் இடத்தில் கால் துழாவியது, தரை எட்டவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். என் மகளுக்கு அப்போது மரியாதையெல்லாம் பறந்துபோய், "உதை, உதை" என்று கத்தினாள். மாமனார் உதைத்தார். பீப்பாயைத் தொட்டார், திரும்பி வந்தார். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மெதுவாக, கட்டிலில் சாய்கிற மாதிரியே, மல்லாந்தார்.

தண்ணீர் தாங்கியது. மீசை மட்டும் மேலே தெரிந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள். முகத்தில் இருந்த இறுக்கம் போய், அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. விசில் பெண் போதும் என்று ஊதினாள். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை ஊதினாள். அசையவே இல்லை. படகுக்கார அம்மாள் பயந்துபோய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். "ஏங்க" என்றாள்.

அவர் ஒரு கையை உயர்த்தி, சும்மா இரு என்று காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினார்.

"இத்தனை வருஷமா மேல நின்னே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். உள்ளேயிருந்து எவ்வளவு நல்லாக் கேக்குது" என்றார். பிறகு வீட்டுக்காரியைப் பார்த்து, "ரெண்டாங் கண்ணுல கீழ்ப்பலகை கசியுது. அந்தத் தூள் மூட்டையக் கொண்டா."

அந்த அம்மாள் நனைந்த சேலையோடு தூள் மூட்டைக்குப் போனாள். விசில் பெண் அவர் தேறிவிட்டதாகச் சொன்னாள். அது அவளாகப் பரிதாபப்பட்டுப் போட்டது என்று இப்போதும் சில பேர் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் கடலை தீர்ந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனவர்கள். நான் கடைசி வரைக்கும் படியில் இருந்தவள்.

சம்பந்தி கயிற்றையும் விடவில்லை. புதுச் சட்டத்தில் அதுவும் இருக்கிறதாம். நீச்சல் தெரிந்தாலும் சுவர்மேல் நிற்கும்போது கயிறு கட்ட வேண்டும் என்று அந்தப் பெண் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். கட்டிக்கொள்கிறார். ஆனால் தினமும் வேலை முடிந்ததும் அதை அவிழ்த்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு ஏரியில் மல்லாந்துவிடுகிறார். கசிவு கேட்கிறாராம். எல்லாக் கண்ணும் அடைபட்டிருக்கிற நாளிலும் கேட்கிறார்.